தோட்டத்துக் காசும் வருமான வரி நோட்டீஸும்: பெரும்பாறையிலிருந்து ஒரு குறிப்பு

எங்கள் கீழ்ப்பழனி மலைப் பக்கத்தில் 'ஐ.டி. நோட்டீஸ்' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் புழங்குகின்றன. பெரும்பாறை, தாண்டிக்குடி, ஆடலூர், பன்றிமலை என்று எந்த ஊர் டீக்கடையில் கேட்டாலும் 'அவருக்கு ஆடிட் வந்திருச்சாம்' என்பார்கள். என்ன வந்தது என்று விசாரித்தால் பாதிப் பேருக்கு வந்தது ஆடிட்டே அல்ல. எனவே முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். பயத்தில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

ஒன்று, 143(1) கடிதம். ரிட்டர்ன் போட்ட எல்லோருக்கும் பெங்களூரு மையத்திலிருந்து கணினி அனுப்புவது. நீங்கள் போட்ட கணக்கும் நாங்கள் போட்ட கணக்கும் இது, வித்தியாசம் இவ்வளவு என்று சொல்லும். வித்தியாசத்தை வருமானத்தில் கூட்டுவதற்கு முன்னால் பதில் சொல்ல 30 நாள் கொடுப்பார்கள். பெரும்பாலும் இதில் மனித அதிகாரி யாரும் கிடையாது.

இரண்டு, 143(2) நோட்டீஸ். இதுதான் ஸ்க்ரூட்டினி. உங்கள் ரிட்டர்னை ஒரு அதிகாரி எடுத்துப் படிக்கப் போகிறார், ஆதாரம் கேட்கப் போகிறார் என்று அர்த்தம். இந்த நோட்டீஸ் வருவதற்குக் காலக்கெடு உண்டு. ரிட்டர்ன் தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வந்தாக வேண்டும். 2025 ஜூலையில் ரிட்டர்ன் போட்டிருந்தால் 2026 ஜூன் 30 கடைசி நாள்.

மூன்று, 'டாக்ஸ் ஆடிட்'. 44ஏபி பிரிவின்படி இது துறை நடத்துவது இல்லை. வியாபாரி தானே ஒரு பட்டயக் கணக்காளரைக் கொண்டு செய்து கொடுக்க வேண்டியது. வியாபாரத்தில் வருடாந்திர விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டினால் வரும். ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தலா 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 10 கோடி. மிளகும் காப்பியும் வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது பொருந்தும். தன் தோட்டத்து விளைச்சலை அப்படியே விற்கும் விவசாயியைச் சாதாரணமாக இது தொடாது.

இந்தக் குறிப்பு முக்கியமாக இரண்டாவதைப் பற்றியது. பிரிவு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2025-ம் வருட வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, எண்கள் மாறுகின்றன. ஆனால் அதற்கு முந்தைய வருடங்களுக்கான விசாரணை 1961-ம் வருடச் சட்டப்படியேதான் நடக்கும். இன்னும் சில வருடங்களுக்குக் கையில் வரும் காகிதங்களில் பழைய எண்களே அதிகம் இருக்கும் என்பதால் அவற்றையே இங்கே எழுதுகிறேன்.

'விவசாயத்துக்கு வரி கிடையாதே?'

போன வருடம் என் பெரியப்பா மகன் போன் செய்தார். காப்பி, மிளகு, மலை வாழை என்று ஊடுபயிராக ஆறு ஏக்கர் வைத்திருப்பவர். 'தம்பி, தோட்டத்து வருமானத்துக்கு வரியே இல்லைன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? அப்புறம் எதுக்கு இந்தக் கடுதாசி?' என்றார். 'வரி இல்லைங்கிறது சரிதாண்ணே. ஆனா அது தோட்டத்து வருமானம்தான்னு நாமதான் காட்டணும்' என்றேன். இந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் குறிப்பின் சாரம். மற்றதெல்லாம் அதன் விரிவு.

இந்தியாவில் வருமான வரி 1860-ல் வந்தபோது நிலத்து வருமானமும் அதில் அடக்கம். 1886-ம் வருடச் சட்டம்தான் விவசாய வருமானத்தை வெளியே எடுத்தது. நிலத்துக்குத் தீர்வை ஏற்கெனவே கட்டுகிறார்கள் என்பது அன்றைய நியாயம். பிறகு அரசியல் சாசனம் விவசாய வருமானத்தின் மீது வரி போடும் அதிகாரத்தை மாநிலப் பட்டியலில் வைத்தது. மத்திய அரசு நேராக அதில் கை வைக்க முடியாது. 1961-ம் வருடச் சட்டத்தின் 10(1) பிரிவில் இருக்கும் விலக்கு இப்படி வந்ததுதான்.

எது விவசாய வருமானம் என்பதற்கு இன்றைக்கும் அடிப்படையாக இருப்பது 1957-ல் ராஜா பினோய் குமார் சஹாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. வங்காளத்து ஜமீன்தார் ஒருவரின் சால் மரக்காட்டைப் பற்றிய வழக்கு அது. நிலத்தை உழுவது, விதைப்பது, நடுவது போன்றவை அடிப்படை வேலைகள். களை எடுப்பது, கவாத்து செய்வது, பாதுகாப்பது, அறுவடை செய்வது ஆகியவை பின்தொடரும் வேலைகள். அடிப்படை வேலை ஒன்றுமே செய்யாமல் பின் வேலை மட்டும் செய்தால் அது விவசாயம் ஆகாது என்பது தீர்ப்பின் சுருக்கம்.

இதை எங்கள் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். குத்தகைக்கு நிலம் எடுத்துத் தானே பயிர் செய்கிறவர் விவசாயி. நிலம் சொந்தமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அடுத்தவர் தோட்டத்தில் கொடியில் நிற்கும் மிளகை மொத்தமாக விலை பேசி, பறித்து விற்று லாபம் பார்ப்பவர் வியாபாரி. இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே மிளகு, ஒரே மண்டி. வரிச் சட்டத்தின் கண்ணில் மட்டும் வேறு வேறு ஆட்கள். தோட்டத்து வீட்டை ஹோம்ஸ்டேயாக விட்டு வாங்கும் வாடகையும் காப்பிச் செடி நடுவே இருப்பதால் மட்டும் விவசாய வருமானம் ஆகிவிடாது.

காப்பிக்கு மட்டும் ஒரு தனி விதி

காப்பி விவசாயிகள் அடிக்கடி தவறவிடும் இடம் வருமான வரி விதி 7பி. அது சொல்வது இவ்வளவுதான்.

பழத்தைப் பறித்து அப்படியேயோ, தோல் நீக்கிக் காயவைத்தோ, க்யூரிங் செய்யாமல் விற்றால் மொத்தமும் விவசாய வருமானம். தானே விளைவித்த காப்பியை க்யூரிங் செய்து விற்றால் லாபத்தில் 25 சதவீதம் வியாபார வருமானம், மீதி 75 விவசாயம். விளைவித்து, க்யூரிங் செய்து, வறுத்து, அரைத்து விற்றால், சிக்கரி சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், 40 சதவீதம் வியாபாரம், 60 விவசாயம்.

முன்பு இங்கே வறுத்து அரைத்து விற்கிறவர்கள் அபூர்வம். இப்போது தோட்டத்துப் பெயர் போட்ட பாக்கெட்டில் காப்பித் தூளைக் கூரியரில் அனுப்பும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த நாளிலிருந்து நீங்கள் 40 சதவீதக் கட்டத்தில் நிற்கிறீர்கள். முழு லாபத்தையும் விவசாயம் என்று காட்டினால், உங்கள் ஆன்லைன் விற்பனைப் பதிவும் ரிட்டர்னும் ஒன்றுக்கொன்று முரண்படும்.

வரி இல்லாத அந்த 75 அல்லது 60 சதவீதம் முழுக்கக் கணக்கிலிருந்து மறைந்துவிடுவதும் இல்லை. கே.என். ராஜ் குழு 1972-ல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு வந்த முறைப்படி, நிகர விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பையும் தாண்டினால், விவசாய வருமானத்தை வரி விகிதம் நிர்ணயிக்க மட்டும் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒரு உதாரணம். 2024-25 நிதியாண்டு, புதிய வரிமுறை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்குக் கழிவு போக ஓய்வூதியம் 6,00,000. க்யூரிங் செய்த காப்பியில் லாபம் 8,00,000. 7பி விதிப்படி 2,00,000 வியாபாரம், 6,00,000 விவசாயம். வரிக்குரிய வருமானம் 8,00,000. முதலில் இரண்டையும் கூட்டி 14,00,000-க்கு வரி போட்டால் 1,20,000. அடுத்து விவசாய வருமானம் 6,00,000-த்தோடு அடிப்படை விலக்கு 3,00,000 சேர்த்து 9,00,000-க்கு வரி 40,000. வித்தியாசம் 80,000, செஸ் தனி. விவசாய வருமானத்தைக் குறிப்பிடவே இல்லை என்றால் கணக்கு 30,000-தான் வரும். 'வரி இல்லாத வருமானத்தை எதுக்குக் காட்டணும்' என்று விடுபவருக்கு வரும் சிக்கல் இந்த 50,000 ரூபாய் வித்தியாசம்.

எதைப் பார்த்து நோட்டீஸ் வருகிறது

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். ஸ்க்ரூட்டினித் தேர்வைப் பற்றிப் படித்தபோது பழகிய ஒன்றைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. எங்கள் தொழிலில் இதற்கு ரீகன்சிலியேஷன் என்று பெயர். இரண்டு இடத்திலிருந்து வரும் பதிவுகளை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்து, பொருந்தாததை மட்டும் தனியே எடுத்து மனிதரிடம் கொடுப்பது. வருமான வரித்துறையின் கணினித் தேர்வு முறையும் இதைத்தான் செய்கிறது. பொருந்தாத பதிவு என்பது ஒரு கேள்வி. அது குற்றச்சாட்டு இல்லை. கேள்விக்குப் பதில் இல்லாதபோதுதான் அது குற்றச்சாட்டாக மாறுகிறது.

ஒரு பக்கம் உங்கள் ரிட்டர்ன். மறுபக்கம் மற்றவர்கள் உங்களைப் பற்றித் தரும் தகவல். ஒருவரின் சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கம் விழுந்தால் வங்கி தெரிவிக்க வேண்டும். நடப்புக் கணக்கு என்றால் 50 லட்சம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வைப்புத்தொகை, 30 லட்சம் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பத்திரப் பதிவு, பெரிய கிரெடிட் கார்டு கட்டணம், மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு எல்லாம் இதே போலப் போகின்றன. 2021 நவம்பரில் வந்த ஏ.ஐ.எஸ். என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையில் இவற்றை நீங்களே பார்க்கலாம். அவர்கள் கையில் இருக்கும் தகவலில் பெரும்பகுதி உங்கள் கண்ணுக்கும் தெரிகிறது. ரிட்டர்ன் போடுவதற்கு முன் அதைத் திறந்து பார்க்காமல் இருப்பது கேள்வித்தாள் கையில் இருந்தும் படிக்காமல் பரீட்சைக்குப் போவது மாதிரி.

மலைத்தோட்டக்காரருக்கு வழக்கமாகக் கேள்வி எழும் இடங்கள் இவை.

முதலாவது, அறுவடைக் காலத்து ரொக்கம். அராபிகா பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். வருடம் முழுவதும் அமைதியாக இருக்கும் கணக்கில் இரண்டு மூன்று மாதம் மட்டும் பணம் குவியும். இதன் உச்சம் 2016. நவம்பர் 8-ம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானது பறிப்பு தொடங்கும் நேரத்தில். 2017 ஜனவரி 31-ல் தொடங்கிய 'ஆபரேஷன் கிளீன் மணி'யில் சுமார் 18 லட்சம் பேரின் டெபாசிட்டுகள் பொருந்தாதவை என்று எடுக்கப்பட்டன. வியாபார வருமானம் இல்லாத தனிநபர் என்றால் 2.5 லட்சம் வரை, 70 வயது தாண்டியவர் என்றால் 5 லட்சம் வரை கேள்வி வேண்டாம் என்று 2017 பிப்ரவரியில் அறிவுறுத்தல் வந்தது. அதற்கு மேல் போட்டவர்கள் ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது.

இரண்டாவது, திடீர் ஏற்றம். போன வருடம் 4 லட்சம் விவசாய வருமானம், இந்த வருடம் 9 லட்சம் என்றால் கணினிக்கு அது உறுத்தும். 2024-25-ல் இதற்கு நியாயமான காரணம் இருந்தது. பிரேசில் வறட்சியால் உலகச் சந்தையில் அராபிகா விலை ஏறி, 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு 4 டாலருக்கு மேல் போய்ச் சாதனை உயரத்தைத் தொட்டது. இங்கே தோட்டத்து வாசலில் கிடைத்த விலையும் அதோடு சேர்ந்து ஏறியது. காப்பிச் செடி ஒரு வருடம் நிறையக் காய்த்தால் அடுத்த வருடம் இளைக்கும் என்பது இன்னொரு காரணம். நமக்கு இது சாதாரண விஷயம், கணினிக்குத் தெரியாது.

மூன்றாவது, ஏக்கருக்கும் ரூபாய்க்கும் பொருந்தாமை. நிகர விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் இருக்கும் மாவட்டம், அஞ்சல் குறியீடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று ரிட்டர்னிலேயே கேட்கிறார்கள். 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானம் இருந்தால் ஐ.டி.ஆர்.-1 படிவமே போட முடியாது. இரண்டு ஏக்கர் மானாவாரியில் 20 லட்சம் நிகர லாபம் என்று எழுதினால் யாராக இருந்தாலும் கேட்பார்கள்.

நான்காவது, பெரிய செலவு, சிறிய வருமானம். 40 லட்சத்துக்கு வத்தலக்குண்டில் வீடு பதிவாகியிருக்கும். ரிட்டர்னில் 5 லட்சம்தான் இருக்கும், அல்லது ரிட்டர்னே இருக்காது.

இவை தவிர, கணினியைச் சாராத கட்டாயத் தேர்வும் உண்டு. சர்வே, சோதனை நடந்த இடங்கள், வரி ஏய்ப்பு பற்றி வேறு விசாரணை அமைப்பிடமிருந்து குறிப்பான தகவல் வந்தவை, முந்தைய வருடங்களில் அதே விஷயத்துக்காகப் பெரிய தொகை கூட்டப்பட்டவை இதில் வரும்.

துறை ஏன் விவசாய வருமானத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறது என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019-ம் வருட அறிக்கை ஒன்று, விவசாய வருமான விலக்கு கொடுத்த 6,778 மதிப்பீடுகளை எடுத்துப் பார்த்தது. அதில் 22.5 சதவீதத்தில் போதுமான ஆவணம் இல்லாமலே விலக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. கறுப்பை வெள்ளையாக்க 'விவசாயம்' என்ற பெயரைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் ரகசியம் இல்லை. அவர்களுக்காகக் கட்டிய சல்லடையில் உண்மையான தோட்டக்காரரும் விழுகிறார். எனக்கு இதில் அக்கறை வந்ததே இந்த இடத்தில்தான்.

தோற்றால் எவ்வளவு

'கேட்டா பார்த்துக்கலாம்' என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். டெபாசிட் செய்த ரொக்கத்துக்கு மூலம் காட்ட முடியாவிட்டால், அது 'விளக்கமளிக்கப்படாத பணம்' ஆகிவிடும். 1961-ம் வருடச் சட்டத்தின் 115பிபிஇ பிரிவில் அதற்கு 60 சதவீத வரி, அதன் மேல் 25 சதவீத சர்சார்ஜ், 4 சதவீத செஸ். ஆக 78 சதவீதம். செலவுக் கழிவு கிடையாது, அடிப்படை விலக்கு கிடையாது. 12 லட்சம் டெபாசிட் முழுவதும் இதில் போனால் 9,36,000 ரூபாய் வரி. வட்டியும் அபராதமும் தனி.

நினைத்துப் பாருங்கள். உண்மையிலேயே காப்பி விற்ற காசு. சட்டப்படி வரி பூஜ்ஜியமாகக்கூட இருந்திருக்கலாம். சீட்டு இல்லாததால் மட்டும் 78 சதவீதம். பூஜ்ஜியத்துக்கும் எழுபத்தெட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கட்டு பில்லும்தான்.

படிக்கும் அதிகாரி பெரும்பாறையைப் பார்த்தவர் இல்லை

முன்பெல்லாம் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ இருக்கும் அதிகாரியின் முன்னால் போய் உட்காரலாம். மலைத்தோட்டம் என்றால் என்ன என்று அவருக்கு ஓரளவு தெரிந்திருக்கும். 2019-ல் தொடங்கி, 2020 ஆகஸ்ட் 13-க்குப் பிறகு விரிவாக்கப்பட்ட முகமறியா மதிப்பீட்டு முறையில் அது போய்விட்டது. டெல்லியில் உள்ள தேசிய மையம் வழியாக, நாட்டின் ஏதோ ஒரு ஊரில் இருக்கும் குழுவுக்கு உங்கள் ஃபைல் போகும். அதிகாரி யார் என்று உங்களுக்குத் தெரியாது. லஞ்சத்துக்கும் சிபாரிசுக்கும் இடம் குறைவு என்பது இதன் நன்மை. ஆனால் அந்த அதிகாரி கோதுமை விளையும் ஊரில் வளர்ந்தவராக இருக்கலாம். ஒரே ஏக்கரில் சில்வர் ஓக் நிழலில் காப்பியும், அந்த மரத்திலேயே மிளகும், இடையில் வாழையும், வேலியோரம் பட்டர் ஃப்ரூட்டும் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. சனிக்கிழமைதோறும் பறிப்புக் கூலி ரொக்கமாகப் போகும் என்பதும் தெரியாது.

அதனால் பதில் கடிதம் வெறும் இணைப்புகளின் கட்டாக இருக்கக் கூடாது. முதல் ஒரு பக்கத்தில் தோட்டத்தை விளக்குங்கள். எந்த ஊர், எவ்வளவு உயரம், எத்தனை ஏக்கர், என்னென்ன பயிர், எந்த மாதம் எது விற்பனை, யாரிடம் விற்பனை, கூலி எப்படி. அதன் பிறகு எண்கள்.

காகிதம் எங்கிருந்து வரும்

1940-களிலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை காப்பியை இஷ்டத்துக்கு விற்க முடியாது. விளைந்ததைக் காபி வாரியத்தின் பூலுக்குத்தான் கொடுக்க வேண்டும். பணம் தவணை தவணையாக வரும் என்ற குறை இருந்தது. ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு வாங்கினார் என்பதற்கு அரசு வாரியத்தின் பதிவே ஆதாரமாக இருந்தது. தாராளமயத்துக்குப் பிறகு விலை கிடைத்தது. ஆதாரம் வைக்கும் வேலை விவசாயியின் தலைக்கு மாறியது. இந்த இரண்டாவது மாற்றத்தை நாம் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சேர்த்து வைக்க வேண்டியவை: பட்டா, சிட்டா, அந்தந்த வருடத்து அடங்கல். அடங்கலில் என்ன பயிர் என்று எழுதியிருக்கும். அதில் காப்பியும் மிளகும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். குத்தகை என்றால் எழுத்து ஒப்பந்தம். பட்டிவீரன்பட்டி போன்ற இடங்களில் க்யூரிங்குக்குப் போட்ட ரசீது. வாழை, காய்கறிக்குத் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு கமிஷன் கடைச் சீட்டு. எடை மேடைச் சீட்டு. உரம், மருந்து பில். தேதி, பெயர், கிலோ, தொகை எழுதிய கூலி நோட்டு.

ரொக்க விற்பனையே தப்பு என்று சில வியாபாரிகள் மிரட்டுவது உண்டு. அப்படி இல்லை. 2017 நவம்பர் 3-ல் மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட 27/2017 சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது. விவசாயி தன் விளைபொருளை வியாபாரிக்கு 2 லட்சத்துக்குக் குறைவாக ரொக்கத்துக்கு விற்றால் இருவருக்குமே அதனால் பாதகம் இல்லை. 2 லட்சமும் அதற்கு மேலும் ஒரே நாளில், அல்லது ஒரே விற்பனைக்காக ரொக்கமாக வாங்குவதுதான் 269எஸ்டி பிரிவில் மாட்டும். சீட்டு மட்டும் கட்டாயம் வாங்குங்கள்.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது எங்கள் ஊரில் பாதி வீட்டுக் கதை. நிலம் யார் பெயரில் என்பதைவிட யார் பயிர் செய்து வருமானம் எடுக்கிறார் என்பது முக்கியம். ஆனால் அதைக் காட்ட வாரிசுச் சான்றும், சகோதரர்களுக்குள் யார் எந்தப் பகுதியை அனுபவிக்கிறார்கள் என்ற எழுத்தும் வேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு அண்ணன் தம்பியிடம் கையெழுத்துக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது

முதலில் அது உண்மையானதா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களில் டி.ஐ.என். என்ற அடையாள எண் இருக்க வேண்டும். வருமான வரி இணையதளத்தில் உள்நுழையாமலே அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். பணம் கட்டச் சொல்லி லிங்க் அனுப்பும் குறுஞ்செய்தி எதையும் தொட வேண்டாம்.

அடுத்து, எந்தப் பிரிவு, எந்த வருடம், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 143(2) என்றால் விசாரணை தொடக்கம். 142(1) என்றால் கேள்விப் பட்டியல். 148ஏ என்றால் பழைய வருடத்தைத் திறக்க உத்தேசம். ஏன் திறக்கக் கூடாது என்று சொல்ல உங்களுக்கு ஒரு வாய்ப்பு. மின்னஞ்சலும் போன் நம்பரும் இணையதளத்தில் உங்களுடையதாக இருக்கட்டும். ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த பிரௌசிங் சென்டர்காரரின் நம்பருக்கு நோட்டீஸ் போய், கெடு முடிந்த பிறகு தெரிய வருவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

மூன்றாவது, பதில் சொல்லாமல் விடாதீர்கள். நேரம் போதாவிட்டால் இணையதளத்திலேயே அவகாசம் கேட்கலாம். மௌனமாக இருந்தால் ஒவ்வொரு தவறலுக்கும் 10,000 ரூபாய் அபராதம் வரலாம். அதைவிட மோசமானது, 144-ம் பிரிவின்படி அதிகாரி தன் மதிப்பீட்டில் ஒரு தொகையை முடிவு செய்துவிடுவது.

நான்காவது, கேட்ட கேள்விக்கு வரிசை எண் போட்டுப் பதில். ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் எதிரே எந்தச் சீட்டு என்று ஒரு அட்டவணை. அடங்கல் போன்ற தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்திச் சுருக்கம். விளைச்சலைச் சந்தேகித்தால் காபி வாரியத்தின் மதிப்பீடுகளைக் காட்டலாம். வாரியக் கணக்கில் நம் பகுதி 'புல்னிஸ்' என்ற பெயரில் தனியாக இருக்கிறது. தாண்டிக்குடியில் வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் உண்டு.

ஐந்தாவது, இல்லாத சீட்டை இப்போது உண்டாக்காதீர்கள். பழைய தேதி போட்டு பில் எழுதித் தரும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பொய்ப் பதிவுக்கு அந்தப் பதிவின் தொகைக்குச் சமமான அபராதம் என்று 2020-ல் 271ஏஏடி பிரிவு வந்திருக்கிறது. பில் கொடுத்த கடைக்காரருக்கே 133(6) பிரிவில் கடிதம் போய் விசாரிப்பார்கள். சீட்டு இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்லி, வாங்கியவரின் உறுதிக் கடிதம், வங்கிப் பதிவு, முந்தைய வருடப் போக்கு என்று சுற்றுச் சான்றுகளைக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

ஆறாவது, வரைவு உத்தரவில் தொகையைக் கூட்டப் போவதாகச் சொன்னால், காணொளி விசாரணை கேளுங்கள். அது உங்கள் உரிமை. அதன் பிறகும் உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் படிவம் 35-ல் ஆணையரிடம் மேல்முறையீடு. பொதுவாகத் தகராறில் உள்ள வரியில் 20 சதவீதம் கட்டினால் மீதி வசூலை நிறுத்தி வைப்பார்கள். அதற்கு மேல் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது.

சிறு தொகை, எளிய கேள்வி என்றால் படித்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். ரொக்க டெபாசிட் பெரியது, அல்லது 148ஏ வந்திருக்கிறது என்றால் பட்டயக் கணக்காளரிடம் போவதுதான் சரி. போகும்போது காகிதங்களோடு போங்கள். அவரால் வாதாட முடியும். சீட்டை உண்டாக்க முடியாது, உண்டாக்கவும் கூடாது.

நோட்டீஸ் வருவதற்கு முன்பே விட்டுப்போனது தெரிந்தால் திருத்திய ரிட்டர்ன் போடலாம். அந்தக் கெடுவும் போய்விட்டால் புதுப்பித்த ரிட்டர்ன் என்ற வழி இருக்கிறது. 2025-லிருந்து அதற்கு 4 வருட அவகாசம். தாமதத்துக்குத் தக்கபடி கூடுதல் வரி 25 சதவீதத்திலிருந்து 70 சதவீதம் வரை. விசாரணை தொடங்கிவிட்டால் பழைய சட்டத்தில் அந்தக் கதவு மூடிவிடும்.

எத்தனை வருடக் காகிதம் வைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: தப்பிய வருமானம் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 வருடம் 3 மாதம் வரை பழைய ஃபைலைத் திறக்கலாம், மற்றவர்களுக்கு 3 வருடம் 3 மாதம். அறுவடை முடிந்து 7 வருடம் வைத்திருந்தால் நிம்மதி. மலைக் காற்றின் ஈரத்தில் மண்டிச் சீட்டின் மை இரண்டு மழைக்காலம் தாங்காது. வாங்கிய அன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்து, வருடம் போட்ட ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். வரும் நவம்பரில் முதல் கூடை பழம் எடை போடும்போது தொடங்கினால் போதும்.